பெற்றவனா, வளர்த்தவனா? 160 ஆண்டுகளாகத் தீராத வழக்கு!

புத்தாண்டுக்கு முந்தைய இரவு. வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது. பண்ணையார் வீட்டில் ஒரே கொண்டாட்டம்! பிடில் வாசிக்கிறார்கள். ஆணும் பெண்ணும் கைகோர்த்து ஆடுகிறார்கள். பண்ணையாரின் மூத்த மகன் காட்பிரே, தன் மனதைக் கவர்ந்த நான்சியையே சுற்றிச் சுற்றி வருகிறான்.

அப்போது ஒருவன் உள்ளே நுழைகிறான். ஊர்க்கோடிக் குடிசையில் தனியாக வாழும் நெசவாளி அவன். முகம் வெளுத்திருக்கிறது. கையில் ஒரு பெண் குழந்தை. இரண்டு வயது இருக்கும். சுருட்டை முடி பொன் போல மின்னுகிறது.

பனியில் ஒரு பெண் விழுந்து கிடக்கிறாள், டாக்டர் உடனே வரவேண்டும் என்கிறான் நெசவாளி. அவள் செத்துவிட்டாள் என்றுதான் அவனுக்குத் தோன்றுகிறது.

காட்பிரேக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அந்தக் குழந்தை அவனுடைய குழந்தை! பனியில் கிடப்பவள், அவன் யாருக்கும் தெரியாமல் மணந்துகொண்ட மனைவி. அந்த நிமிஷத்தில் அவன் நெஞ்சை ஒரே ஒரு பயம்தான் கவ்வுகிறது. ஒருவேளை, அவள் சாகாமல் இருந்துவிட்டால்?

"சைலஸ் மார்னர்" என்ற ஆங்கில நாவலில் வருகிறது இந்தக் கட்டம். எழுதியவர் ஜார்ஜ் எலியட். 1861-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இங்கிலாந்தில் இந்த நூல் வெளிவந்தது. அன்றிலிருந்து இதைப் படித்தவர்கள் எல்லோரும் நீதிபதி ஆகிவிடுகிறார்கள். காட்பிரே செய்தது மன்னிக்கத் தக்கதா? குழந்தை யாருக்குச் சொந்தம்? கடைசியில் அந்தப் பெண் சொன்ன தீர்ப்பு சரியா? ஆளுக்கொரு அபிப்பிராயம்!

இந்தக் காலத்து ஆங்கிலக் காதல் நாவல்களில் "ரகசியக் குழந்தை" என்று ஒரு ரகமே உண்டு. மில்ஸ் அண்டு பூன் புத்தகங்களைப் படிப்பவர்களுக்கு இது தெரியும். அவற்றில் தாய்தான் குழந்தையை மறைப்பாள். பல வருஷம் கழித்துத் தகப்பனுக்கு உண்மை தெரியவரும். ஜார்ஜ் எலியட்டின் கதையில் மறைப்பவன் தகப்பன். தெரியாமல் தகப்பன் ஆகிறவன் வேறொருவன்!

தங்கம் போனது, குழந்தை வந்தது

அந்த நெசவாளியின் பெயர்தான் சைலஸ் மார்னர். இளம் வயதில் அவன் வடக்கே ஒரு தொழில் நகரத்தில் இருந்தான். பக்திமான். ஒரு சிறு ஜெபக்கூட்டத்தைச் சேர்ந்தவன். உயிருக்கு உயிரான நண்பன் ஒருவன் உண்டு. கல்யாணம் நிச்சயமான பெண்ணும் உண்டு. அந்த நண்பனே கோயில் பணத்தைத் திருடி, பழியைச் சைலஸ் மீது போட்டான். ஜெபக்கூட்டத்தார் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். சைலஸ் குற்றவாளி என்று சீட்டு விழுந்தது. நிச்சயித்த பெண்ணை நண்பனே கட்டிக்கொண்டான்.

கடவுளும் இல்லை, மனிதனும் இல்லை என்று சைலஸ் ஊரை விட்டுப் போனான். ராவெலோ என்ற கிராமத்தின் ஓரத்தில், ஒரு கற்குழியின் பக்கத்தில் தறி போட்டான். 15 வருஷம் யாரோடும் ஒட்டாமல் நூலும் தறியுமாகவே இருந்தான். நெய்த துணிக்குப் பொற்காசு வாங்குவான். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு காசுகளைக் கொட்டி எண்ணுவான். கையால் தடவிப் பார்ப்பான். அவனுக்கு வேறு சொந்தம் கிடையாது.

கஞ்சன் என்று அவனைச் சொல்லிவிடலாம். ஆனால் ஆசிரியை ஒரு சிறிய விஷயத்தை எழுதி வைத்திருக்கிறார். சைலஸிடம் ஒரு மண்பானை இருந்தது. தினமும் தண்ணீர் எடுத்துவரும் பானை. ஒரு நாள் அது கீழே விழுந்து உடைந்தது. அவன் அதைத் தூக்கி எறியவில்லை. துண்டுகளை ஒட்டவைத்துப் பழைய இடத்திலேயே ஞாபகமாக வைத்துக்கொண்டான். இந்த மனிதனுக்குள் பாசம் செத்துப்போகவில்லை என்று அந்த உடைந்த பானை சொல்கிறது. குழந்தை வந்ததும் ஒரே நாளில் இவன் எப்படி மாறினான் என்று கேட்கிறவர்கள், இந்தப் பானையை அவசரமாகத் தாண்டிப் போனவர்களாக இருக்கவேண்டும்.

அவன் சேர்த்த பணம் 272 பவுனுக்கு மேல். ஒரு நாள் அத்தனையும் திருட்டுப் போயிற்று. திருடியவன் பண்ணையாரின் இரண்டாவது மகன் டன்ஸ்டன். தன் அண்ணனின் ரகசியக் கல்யாணத்தைத் தெரிந்துகொண்டு மிரட்டிப் பணம் பறித்துவந்தவனும் இவனே. திருடிய இரவோடு அவன் காணாமல் போனான். ஊரை விட்டு ஓடிவிட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். திருட்டையும் அவனையும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகுதான் அந்தப் பனி இரவு. காட்பிரேயின் மனைவி மோலி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பண்ணையார் வீட்டை நோக்கி நடந்து வருகிறாள். எல்லோர் முன்னாலும் தன் கணவனைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள். ஆனால் அவளுக்கு அபின் பழக்கம். வழியில் அபினைக் குடித்தாள். மயக்கம் வந்தது. ஒரு முட்புதரின் ஓரம் படுத்தாள். அவள் எழுந்திருக்கவே இல்லை.

குழந்தை மட்டும் தாயின் கையிலிருந்து நழுவி, தூரத்தில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துத் தத்தித் தத்தி நடந்தது. அது சைலஸின் குடிசை. அவனுக்கு அவ்வப்போது ஒருவித வலிப்பு வரும். நின்ற இடத்திலேயே மரம் போல நின்றுவிடுவான். அன்று திறந்த கதவைப் பிடித்தபடி அப்படித்தான் நின்றிருந்தான். குழந்தை அவன் காலடி ஓரமாக உள்ளே போய், கணப்புப் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டது.

சைலஸுக்கு நினைவு திரும்பியது. தரையில் ஏதோ பொன்னாக மின்னுகிறது. அவனுக்குக் கிட்டப் பார்வை. தன் தங்கம்தான் திரும்பி வந்துவிட்டது என்று குனிந்து கையை நீட்டினான். கெட்டியான காசுக்குப் பதிலாக, மிருதுவான தலைமுடி கையில் பட்டது!

அரை கினி கொடுத்த தகப்பன்

காட்பிரேயும் சைலஸின் குடிசைக்கு வந்தான். செத்துக் கிடந்த மனைவியின் முகத்தை ஒரு முறை பார்த்தான். சைலஸின் மடியில் இருந்த குழந்தை அவனை நிமிர்ந்து பார்த்தது. அதற்கு அவனை யாரென்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சைலஸின் வற்றிய கன்னத்தைப் பிடித்து இழுத்து விளையாடியது.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் நான்சி போய்விடுவாள். அப்பா வீட்டை விட்டுத் துரத்திவிடுவார். காட்பிரே சொல்லவில்லை. குழந்தையை ஊர்ப் பொதுச் செலவில் வளர்க்க அனுப்பிவிடலாமே என்று சைலஸைக் கேட்டுப் பார்த்தான். கொடுக்க மாட்டேன் என்றான் சைலஸ். தாய் செத்துவிட்டாள், தகப்பனும் இருக்கமாட்டான், அதுவும் தனி, தானும் தனி என்பது அவன் நியாயம். குழந்தைக்குத் துணி வாங்க என்று அரை கினியை அவன் கையில் வைத்துவிட்டுப் போனான் காட்பிரே.

அரை கினி என்பது பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். பெற்ற மகளுக்கு அவன் அன்று செலுத்திய கட்டணம் அவ்வளவுதான்! நாவலைப் படித்து முடித்தவர்கள் பல கட்டங்களை மறந்துவிடலாம். இந்த அரை கினியை மட்டும் மறப்பது கடினம்.

காட்பிரே ஒரேயடியாகக் கெட்டவனும் அல்ல. அதுதான் வாசகருக்குச் சங்கடம். கொலைகாரன், கொள்ளைக்காரன் என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம். இவன் நல்ல மனம் உள்ளவன். கோழை. இன்று வேண்டாம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போடுகிறவன். அப்படித் தள்ளிப்போடாதவர் நம்மில் யார் என்று ஒரு கட்சி அவனுக்காக வாதாடுகிறது. தள்ளிப்போட்டது கடன் பாக்கி அல்லவே, ஒரு குழந்தை அல்லவா என்று எதிர்க்கட்சி கேட்கிறது.

கரி அறைத் தண்டனை

இந்த நாவலில் எல்லாத் தரப்பு வாசகர்களும் ஒரே குரலில் பாராட்டும் பகுதி ஒன்று உண்டு. தனி ஆண் ஒருவன் குழந்தை வளர்க்கப் படும் பாடு அது.

குழந்தைக்கு எப்பி என்று பெயர் வைத்தான். அவனுடைய தாய்க்கும், செத்துப்போன தங்கைக்கும் இருந்த பெயரின் செல்லச் சுருக்கம் அது. டாலி என்ற பக்கத்து வீட்டு அம்மாள் வந்து குளிப்பாட்டவும் துணி மாற்றவும் கற்றுக்கொடுத்தாள். ஞானஸ்நானம் செய்விக்கவேண்டும், அம்மை குத்தவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். 15 வருஷமாகக் கோயில் பக்கமே போகாத மனிதன், குழந்தைக்காகக் கோயிலுக்குப் போனான்.

நெய்யும்போது குழந்தையை எங்கே விடுவது? அகலத் துணி ஒன்றை அதன் இடுப்பில் கட்டி, மறு முனையைத் தறியோடு கட்டினான். எப்பி சும்மா இருப்பாளா? ஒரு நாள் கத்தரிக்கோல் கையில் அகப்பட்டது. துணியை வெட்டினாள். வெளியே ஓடிவிட்டாள்! சைலஸ் கிணறு குளம் என்று தேடி அலைந்தான். கடைசியில் வயல் ஓரக் குட்டையில், தன் காலணியால் தண்ணீர் மொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள் பெண்!

தண்டிக்காமல் விட்டால் கெட்டுப்போவாள் என்று டாலி அம்மாள் எச்சரித்திருந்தாள். அடிக்க மனம் வரவில்லை. அதனால் கரி போட்டு வைக்கும் இருட்டு அறையில் ஒரு நிமிஷம் அடைத்தான். உள்ளே ஒரு சின்னச் சத்தம் கேட்டதும் பதறிப்போய் வெளியே எடுத்தான். குளிப்பாட்டி, துணி மாற்றி, இனிமேல் திருந்திவிடுவாள் என்று நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தால், எப்பி மறுபடியும் கரி அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறாள்! அது ஒரு புது விளையாட்டு என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அன்றோடு சைலஸ் தண்டிப்பதையே விட்டுவிட்டான்.

பிள்ளை வளர்த்த எந்த வீட்டிலும் இந்தக் கட்டத்தைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது. நம் ஊரில் இப்படிப்பட்ட தகப்பனைச் சொல்ல நல்ல ஒரு வார்த்தை உண்டு: தாயுமானவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசிச் செடியின் கீழே பெண் குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்த பெரியாழ்வாரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சைலஸ் மார்னர் அந்நியன் அல்ல.

பதிப்பாளரின் முதல் அபிப்பிராயம்

இந்த நாவலைப் பற்றி முதல் முதலில் அபிப்பிராயம் சொன்ன வாசகர்களில் ஒருவர், அதை வெளியிட்ட ஜான் பிளாக்வுட். கையெழுத்துப் பிரதியின் முதல் பகுதியைப் படித்துவிட்டு, கதை இருண்டு கிடக்கிறதே என்றார். ஆசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. தன்னைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கதை பிடிக்கும் என்று தானே நம்பவில்லை, கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் இறந்துவிட்டாரே என்ற பொருளில் பதில் எழுதினார். ஏழை எளியவர்களைப் பாடிய அந்தக் கவிஞர் 1850-ல் காலமானவர். அவர் பாட்டிலிருந்து எடுத்த வரிகளைத்தான் நூலின் முகப்பில் போட்டிருந்தார் ஆசிரியை.

கதை எப்படித் தோன்றியது என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் முதுகில் மூட்டையோடு நடந்துபோன ஒரு நெசவாளியைப் பார்த்தாராம். அந்த ஞாபகம் திடீரென்று முளைத்துக் கதையாக வளர்ந்துவிட்டதாம். அப்போது அவர் "ரோமோலா" என்ற பெரிய சரித்திர நாவலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அதை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதினார்.

இருட்டு என்று சொன்ன அதே புத்தகம் நன்றாகவே விற்றது. ஐந்து வருஷம் கழித்து, 1866-ல், ஹென்றி ஜேம்ஸ் என்ற 23 வயது அமெரிக்க இளைஞர் ஜார்ஜ் எலியட்டின் நாவல்களை எடைபோட்டு ஒரு கட்டுரை எழுதினார். மற்ற நாவல்களைவிட முழுமைக்கு நெருங்கி வந்திருப்பது இதுதான் என்பது அவருடைய தீர்ப்பு. பிற்காலத்தில் அவரே உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் ஆனார்.

பிறகு இந்த நூலுக்கு ஒரு கஷ்ட காலமும் வந்தது. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் அதைப் பாடப் புத்தகம் ஆக்கிவிட்டார்கள்! பரீட்சைக்குப் படித்தால் எந்தக் கதைதான் இனிக்கும்? முதல் அத்தியாயங்களின் நீண்ட வாக்கியங்களில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் திணறினார்கள். பள்ளியில் வெறுத்த புத்தகத்தைப் பிள்ளை பெற்ற பிறகு எடுத்துப் படித்து உருகியவர்களும் உண்டு.

16 வருஷம் கழித்து

வழக்கு விசாரணைக்கு வருவது கதையின் பிற்பகுதியில்தான்.

16 வருஷம் ஓடிவிட்டது. எப்பிக்கு 18 வயது. சைலஸுக்கு 55. காட்பிரே விரும்பியபடியே நான்சியை மணந்துவிட்டான். அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை இறந்துபோயிற்று. எப்பியைத் தத்து எடுக்கலாம் என்று காட்பிரே ஜாடையாகக் கேட்டுப் பார்த்தான். கடவுள் கொடுக்காததை வலிய எடுக்கக்கூடாது என்று நான்சி மறுத்துவிட்டாள். அவளுக்கு உண்மை தெரியாது.

ஒரு நாள் கற்குழியின் தண்ணீர் வற்றியது. அடியில் ஓர் எலும்புக்கூடு! அது டன்ஸ்டன். பக்கத்தில் சைலஸின் தங்கம். திருடிக்கொண்டு ஓடிய இரவிலேயே இருட்டில் குழிக்குள் விழுந்து செத்திருக்கிறான். மறைத்தது எல்லாம் ஒரு நாள் வெளியே வந்துதான் தீரும் என்று காட்பிரேக்குப் புரிந்தது. மனைவியிடம் முழு உண்மையையும் சொல்லிவிட்டான்.

நான்சி கத்தவில்லை. அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்பே இதைச் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தையை வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா என்று மட்டும் கேட்டாள். நாவலில் காட்பிரேக்குக் கிடைத்த உண்மையான தண்டனை இந்தக் கேள்விதான் என்று சொல்லலாம். நான்சி போய்விடுவாள் என்ற பயத்தில்தான் இத்தனை காலம் மறைத்தான். அந்த நான்சியை அவன் சரியாகப் புரிந்துகொள்ளவே இல்லை!

அன்று இரவே கணவனும் மனைவியும் சைலஸின் குடிசைக்குப் போனார்கள். எப்பி தன் மகள், தன்னோடு அனுப்பிவிடவேண்டும் என்றான் காட்பிரே.

அதுவரை அதிர்ந்து பேசாத நெசவாளிக்குக் கோபம் வந்தது. அவளைத் தன் உயிராக நினைப்பதற்கு முன்பு, 16 வருஷத்துக்கு முன்பே, இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். வாசலுக்கு வந்த பாக்கியத்தைத் துரத்தியவனுக்கு அது சொந்தம் ஆகாது, எடுத்துக்கொண்டவனுக்கே சொந்தம் என்று வாதாடினான். ஆனால் காட்பிரே ஒன்றைச் சொன்னான். எப்பியின் நல்வாழ்வுக்குச் சைலஸ் குறுக்கே நிற்பதாகக் குற்றம் சாட்டினான். அதைக் கேட்டதும் சைலஸ் தளர்ந்துபோனான். உன் நன்மைக்குத் தடையாக இருக்கமாட்டேன், நீயே சொல் என்று எப்பியின் கையில் முடிவை விட்டான்.

எப்பி போகவில்லை. சைலஸைத் தவிர வேறு தகப்பனை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்றாள். பணக்காரி ஆக விருப்பம் இல்லை, ஓர் உழைப்பாளிக்கு வாழ்க்கைப்படுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவரும் அப்பாவோடு வாழச் சம்மதித்திருக்கிறார் என்றாள். டாலி அம்மாளின் மகன் ஆரன்தான் அந்த மாப்பிள்ளை. தோட்டக்காரன். நம் பேச்சில் சொன்னால், வீட்டோடு மாப்பிள்ளை!

மறந்துபோன ஒருத்தி

பெரும்பாலான வாசகர்கள் எப்பியின் தீர்ப்புக்குக் கை தட்டுகிறார்கள். எல்லோரும் அல்ல. பெற்ற தகப்பன் தவறு செய்தாலும் மனம் திருந்தி வந்திருக்கிறான், அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல் சொல்லியிருக்கலாம் என்பது ஒரு சாராரின் குறை. ஒரு மனிதனின் 16 வருஷத்தை ஒரே இரவில் விலைக்குக் கேட்க வந்தவனுக்கு ஆறுதல் எதற்கு என்பது மறு சாராரின் பதில்.

பிற்காலத்துப் பெண் வாசகர்கள் வேறு ஒரு கேள்வி கேட்டார்கள். பெற்ற தகப்பன், வளர்த்த தகப்பன் என்று எல்லோரும் ஆண்களைப் பற்றியே பேசுகிறார்களே! 1985-ல் சான்ட்ரா கில்பர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியை இந்தக் கதையை மகளின் பக்கத்தில் நின்று ஆராய்ந்து எழுதினார்.

அப்படிப் படித்தால் மோலி கண்ணில் படுகிறாள். பனியில் செத்தவள். காட்பிரேயை நம்பிக் கெட்டவள். அவள் செத்தால்தான் கதை நகரும் என்று ஆசிரியை அவளை அவசரமாக அனுப்பி வைத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எப்பி அவளை மறக்கவில்லை. தாய் உயிர்விட்ட அந்த முட்புதரை, வீட்டுத் தோட்டம் போடும்போது வேலிக்குள் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று கேட்கிறாள். தாயின் மோதிரத்தைச் சைலஸ் பத்திரமாக எடுத்து வைத்திருந்தான்.

எழுதிய அம்மாளின் வீட்டில்

ஜார்ஜ் எலியட் என்பது ஆணின் பெயர். எழுதியவர் பெண். மேரி ஆன் எவன்ஸ் என்பது அவருடைய சொந்தப் பெயர். 1819-ல் வார்விக்ஷயரில் பிறந்தவர். அவர் வீட்டுக் கதையைத் தெரிந்துகொண்டால் இந்த நாவல் வேறு மாதிரித் தெரியும்.

1854 முதல் அவர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் என்ற எழுத்தாளரோடு குடும்பம் நடத்தினார். சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியவில்லை. லூயிஸுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அந்த அம்மாள் 1850-ல் வேறொருவருக்கு ஒரு குழந்தையைப் பெற்றபோது, லூயிஸ் அந்தக் குழந்தையைத் தன் பெயரிலேயே பதிவு செய்ய அனுமதித்தார். பெருந்தன்மையாகச் செய்த காரியம். ஆனால் மனைவியின் குற்றத்தை மன்னித்துவிட்டதாக அது ஆகிவிட்டது. பிறகு விவாகரத்து கேட்க வழி இல்லாமல் போயிற்று! தன் ரத்தம் அல்லாத குழந்தைக்குப் பெயர் கொடுத்தவர் ஆசிரியையின் வீட்டிலேயே இருந்தார்.

இந்த உறவுக்காக மேரி ஆனை அவருடைய அண்ணன் ஐசக் ஒதுக்கி வைத்தார். அவருக்குச் சொந்தக் குழந்தை கிடையாது. லூயிஸின் மூன்று மகன்களும் சுவிட்சர்லாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். 1860-ம் ஆண்டு மூத்தவன் சார்லஸ் லண்டனுக்கு வந்து அவர்களோடு தங்கினான். அவனுக்கு 17 வயது. அவருக்கு 40. ஜெர்மன் மொழியில் தாய் என்று பொருள்படும் 'மூட்டர்' என்ற சொல்லால் அவரை அழைத்தான். அதே ஆண்டின் கடைசி மாதங்களில்தான் அவர் "சைலஸ் மார்னர்" எழுதத் தொடங்கினார்.

இரண்டாவது மகன் தார்ன்டன் தென் ஆப்பிரிக்காவிலிருந்து நோயாளியாகத் திரும்பி வந்தான். 1869-ல் அவன் கண்ணை மூடும்வரை பக்கத்தில் இருந்து கவனித்தவர் இந்த 'மூட்டர்' தான். லூயிஸ் 1878-ல் இறந்தார். அதன் பிறகும் அவருடைய சட்டப்படியான மனைவிக்கு இவர் பணம் அனுப்பிவந்தார். வளர்த்தவர் பக்கம் அவருடைய பேனா சாய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கதை நடந்த காலத்தில் இங்கிலாந்தில் தத்து எடுப்பதற்கு என்று சட்டமே இல்லை. 1926-ல்தான் அப்படி ஒரு சட்டம் வந்தது. காட்பிரே நீதிமன்றம் போயிருந்தால் சைலஸின் கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்திருக்காது. ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் 1994-ல் இந்தக் கதையை அமெரிக்காவுக்கு மாற்றிப் படமாக எழுதி நடித்தார். அதில் பெற்றவனும் வளர்த்தவனும் நீதிமன்றத்தில் மோதிக்கொள்கிறார்கள்!

நம் நாட்டில்? 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, ஆண் ஒருவர் பெண் குழந்தையைத் தத்து எடுக்கவேண்டுமானால் அவர் குழந்தையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்கவேண்டும். சைலஸ் இதில் தேறிவிடுவான். ஆனால் ஆதரவற்ற குழந்தைகளுக்கான 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தத்துக் கொடுக்கக் கூடாது என்கிறது. குழந்தையின் பாதுகாப்பை நினைத்துப் போட்ட விதி அது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் முன்னால் இன்று சைலஸ் போய் நின்றால், எப்பி அவனுக்குக் கிடைக்கமாட்டாள்.

கல்யாண விருந்து

பூக்கள் மலர்ந்திருந்த ஒரு நாளில் எப்பிக்கும் ஆரனுக்கும் கல்யாணம் நடந்தது. மணப்பெண்ணின் உடை நான்சி கொடுத்தது. கோயிலிலிருந்து வந்தவர்களுக்கு ஊர்ச் சத்திரத்தில் விருந்து. செலவு முழுவதும் காட்பிரே ஏற்றுக்கொண்டது. குடிசையைப் பெரிதாக்கிக் கொடுத்ததும் அவனே.

ஊராருக்கு உண்மை தெரியாது. தம்பி திருடியதற்கு அண்ணன் பிராயச்சித்தம் செய்கிறார், எவ்வளவு நல்ல மனம் என்று பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

காட்பிரே விருந்துக்கு வரவில்லை. ஏதோ முக்கிய வேலை என்று சொல்லிவிட்டு அன்று அவன் வெளியூர் போய்விட்டான்.